வீட்டைக் கோடையில் பாருங்க, மனையை மழையில் பாருங்க: திருவேங்கடம் கரிசல் மண் சொல்லும் கணக்கு

சித்திரை, வைகாசி வந்தால் திருவேங்கடம் பக்கம் இரண்டு விஷயம் ஒன்றாக ஏறும். ஒன்று வெயில். இன்னொன்று, இடம் பார்க்க வருகிற கூட்டம். பள்ளிக்கூட லீவு, கோயில் கொடை, கல்யாணம் என்று சென்னை, கோவை, பெங்களூரு, வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வரும் நேரம் இது. பத்து நாள் லீவில் ஒரு நாளை ஒதுக்கி, தரகரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நாலு மனை, இரண்டு வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் முடிக்கப் பலர் தயங்குவார்கள். அதனால் 'ஆனிக்குள்ள முடிச்சிடணும்' என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

இந்த அவசரத்தில்தான் சிக்கல். ஏனென்றால் கரிசல் பூமியில் கோடைக்கு ஒரு குணம் இருக்கிறது. வீட்டின் குறையைக் காட்டிக்கொடுக்கும். மனையின் குறையை மறைத்துவிடும். தொழிலில் ஊறிய எந்தத் தரகருக்கும் இது தெரியும். வாங்குகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

மண்ணில் அப்படி என்ன இருக்கு?

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவானது தென்காசி மாவட்டம். அதன் எட்டு வட்டங்களில் ஒன்று திருவேங்கடம். மேற்கே சங்கரன்கோவில், கிழக்கே கோவில்பட்டி, வடக்கே சிவகாசி. தென்காசி மாவட்டம் என்றதும் குற்றாலச் சாரல்தான் பலருக்கு ஞாபகம் வரும். அந்தச் சாரல் இவ்வளவு தூரம் எட்டிப் பார்ப்பது அபூர்வம். இங்கே மழை என்றால் அது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். மற்ற மாதங்களில் மண் காய்ந்துகொண்டே இருக்கும்.

இந்த வட்டாரத்தின் அடையாளமே கரிசல் மண். அதில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அது ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். பருத்திக்கு இது வரம். வீட்டு அஸ்திவாரத்துக்குச் சோதனை. மழைக்காலத்தில் மண் வீட்டை மேலே தள்ளுகிறது. கோடையில் கீழே விடுகிறது. வருஷம் தவறாமல் இது நடக்கிறது.

அதுவும் வீடு முழுக்க ஒரே அளவில் நடப்பதில்லை. வீட்டின் நடுவே தரைக்கு அடியில் ஈரம் கொஞ்சம் தங்கும். வெளிச்சுவர் ஓரத்து மண் சீக்கிரம் காய்ந்து இறங்கும். ஓரம் இறங்கி நடுப்பகுதி நின்றால், சுவர் தாங்காமல் விரிசல் விடும்.

விரிசலை எப்படிப் படிப்பது?

எல்லா விரிசலும் ஆபத்தானதல்ல. பூச்சில் தலைமுடி மாதிரி ஓடும் மெல்லிய கோடுகள் சிமெண்ட் உலரும்போது வருபவை. கவனிக்க வேண்டியது வேறு:

* ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல்
* உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரியும் விரிசல்
* ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகியும் இருக்கும் விரிசல்
* சுவரை ஒட்டிய சிமெண்ட் தளம் பிரிந்து நிற்பது
* சரியாக மூடாத கதவு, ஜன்னல்

மழைக்காலத்தில் மண் உப்பும்போது இவற்றில் சில பாதி மூடிக்கொள்ளும். அதனால் ஏப்ரல், மே மாதங்கள்தான் வீட்டைச் சோதிக்கச் சரியான நேரம். சுவரின் ஒரு மூலையில் மட்டும் புதுப் பூச்சோ புது பெயிண்ட்டோ தெரிந்தால், 'இங்க என்ன வேலை பார்த்தீங்க?' என்று கேட்கத் தயங்க வேண்டாம். சுவருக்குப் பக்கத்தில் பெரிய வேப்பமரம் நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழல் நல்லதுதான். ஆனால் வேர் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, அந்தப் பக்கம் மட்டும் மண்ணை அதிகம் சுருங்கவைக்கும்.

புதுசா கட்டினால்?

கரிசலில் வீடு கட்டவே கூடாது என்பதல்ல. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே ஒரு முறையை வளர்த்தெடுத்தது. அதன் பெயர் 'அண்டர் ரீம்டு பைல்'. தரையில் ஆழமாகத் துளை போட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்தி, கம்பி கட்டி கான்கிரீட் நிரப்புவார்கள். பொதுவாக 3.5 மீட்டர் ஆழம் வரை இறங்குவார்கள். மேல்மண் உப்பினாலும் சுருங்கினாலும் அந்தக் குமிழ் அசையாத ஆழத்தில் வீட்டைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த அஸ்திவாரம் தேவை என்று முடிவு செய்ய மண் பரிசோதனை உதவும். இதில் 'ஃப்ரீ ஸ்வெல்' என்ற எளிய சோதனை ஒன்று உண்டு. காயவைத்துச் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவு ஜாடிகளில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. 24 மணி நேரம் கழித்து இரண்டின் கன அளவையும் ஒப்பிட்டால், மண் எவ்வளவு உப்புகிறது என்பது தெரிந்துவிடும். வித்தியாசம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அஸ்திவாரத்தில் தனிக் கவனம் தேவை. லட்சக்கணக்கில் செலவு செய்யும் வீட்டுக்கு இது சின்னச் செலவு.

மத்தியானம் 3 மணி, ராத்திரி 9 மணி

தரகர் வீடு காட்டுவது பெரும்பாலும் காலையில். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டு வருவது எல்லோருக்கும் வசதி. ஆனால் வீட்டின் உண்மை முகம் தெரிவது மத்தியானம் 3 மணிக்கு. முடிந்தால் ராத்திரி 9 மணிக்கும் ஒருமுறை போங்க. பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை கான்கிரீட் தளம் இரவில்தான் உள்ளே இறக்கும். மின்விசிறி அனல் காற்றை அள்ளி வீசுகிறதா என்பது அப்போது தெரியும்.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. சமவெளியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி அதிகமானால் அதை வெப்ப அலை என்கிறது இந்திய வானிலை ஆய்வு மையம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வாங்குகிறவர் சென்னையில் ஏசி அறையில் இருப்பார். அந்த வீட்டில் கோடையைக் கழிக்கப்போவது பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாதான்.

மாடி ஏறிப் பார்க்கும்போது தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு தட்டோடு பதித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். வெறும் கான்கிரீட்டாக இருந்தால் சூடு நேராக இறங்கும். மேற்குச் சுவரில்தான் படுக்கையறை என்றால் சாயங்கால வெயில் முழுவதும் அந்த அறைக்கே. இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பியனுப்பும் பெயிண்ட்டோ மாடியில் அடித்தால் சூடு இறங்குவது குறையும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கெனக் 'கூல் ரூஃப்' கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் இந்தச் செலவையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளணும்.

தண்ணீர் கேள்வியையும் கோடையில்தான் கேட்கணும். குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருது, போர் எத்தனை அடி, மே மாசம் எவ்வளவு நேரம் ஓடுது? பதிலை விற்பவரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டில் கேளுங்க.

மனை மட்டும் ஏன் மழையில்?

கோடையில் எந்த மனையும் அழகாகத்தான் இருக்கும். முள்ளை வெட்டி, கல் ஊன்றி, மண் ரோடு போட்டிருப்பார்கள். அதே இடம் ஐப்பசி, கார்த்திகையில் எப்படி இருக்கும்? கரிசலில் தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்காது. பள்ளமான மனையில் நாள் கணக்கில் நிற்கும். பாதை சேறாகி வண்டி சிக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓடை, கோடையில் வெறும் புதர்போலத்தான் தெரியும்.

மழைக்கு வர முடியாதவர்களுக்கு இரண்டு வழி. ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி, நல்ல மழைக்கு மறுநாள் மனையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். கூடவே புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்க்கணும். பக்கத்தில் ஓடை, வாய்க்கால், கண்மாய் இருக்கிறதா, நிலம் பட்டாவா, புறம்போக்கா என்பது அதில் தெரிந்துவிடும்.

தரகரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கா? அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கானவை. அதற்குப் பின் போட்ட அங்கீகாரமில்லாத மனை என்றால் ஒதுங்கிவிடுவது நல்லது.

2. ரெரா பதிவு இருக்கா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அதாவது சுமார் 12.4 சென்ட்டுக்கு மேல் மனை பிரித்து விற்றால் ரெரா பதிவு வேண்டும். அந்த மனைகளை விற்றுத்தரும் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது.

3. பட்டாவும் வில்லங்கச் சான்றும் யார் பெயரில்? இரண்டையும் அரசு இணையதளங்களில் நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

4. மொத்தச் செலவு எவ்வளவு? முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 9 லட்சம் ரூபாய் மனைக்கு 81,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. அதே மனையை அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ பதிந்தால் 9,000 ரூபாய் மிச்சம்.

சின்ன ஊரில் தரகரும் ஊர்க்காரர்தான். நாளைக்குக் கொடையில் முகம் பார்க்க வேண்டியவர். நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேராகவே பதில் சொல்வார். ஆனால் வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். கேட்காத குறையை அவராக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

வீடு என்றால் இந்த வைகாசியிலேயே மத்தியான வெயிலில் போய்ப் பார்த்து முடிவெடுக்கலாம். மனை என்றால் பிடித்த இரண்டைக் குறித்து வைத்துவிட்டு, ஆடியைப் பற்றிக் கவலைப்படாமல் கார்த்திகை மழை வரை பொறுத்திருப்பது நல்லது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அதற்குள் அந்த மனைக்குப் போகும் வழி சேற்றில் முங்குதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.