அசையாத குறி

வீட்டில் அச்சடிக்கப் பயன்படும் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ரிவால்வரின் முன் சைட்டை அந்த ஒரு தாள் அளவுக்கு அராவிக் குறைத்தால், 25 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் குண்டு சுமார் 17 மில்லிமீட்டர் மேலே ஏறிப் படும். பள்ளிக்கூடத்தில் படித்த ஒத்த முக்கோணக் கணக்குதான் இது. குழலின் முனையில் நிற்கும் சிறு தகடு முன் சைட்டு. சட்டத்தின் பின்கோடியில் வெட்டியிருக்கும் காடி பின் சைட்டு. காடியின் நடுவில் தகடு நின்று இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருந்தால் குறி சரி. நான்கு அங்குலக் குழல் உள்ள ரிவால்வரில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 150 மில்லிமீட்டர்தான் இருக்கும். 25 மீட்டர் என்பது அதைப்போல 167 மடங்கு. ஆகவே சைட்டில் நேரும் பிசகு எதுவானாலும் இலக்கில் 167 மடங்காகப் பெருகி நிற்கும்.

இவ்வளவு நுட்பம் கேட்கும் இந்த இரண்டு உறுப்புகளும் துப்பாக்கியில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். முனையிலும் முதுகிலும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. எது இடித்தாலும் முதல் அடி அவற்றுக்குத்தான். அலாஸ்காவில் கரடி நடமாடும் ஆற்றங்கரைகளில் மீன்பிடிக்க வருவோரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளும், ஐடஹோ, மொன்டானா மலைகளில் மாடு மேய்ப்போரும், கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவோரும் ரிவால்வரை இடுப்பில் கட்டிக்கொண்டே நாள் முழுவதும் வேலை செய்கிறார்கள். அது மழையில் நனைகிறது, சேணத்தில் உரசுகிறது, படகின் விளிம்பில் மோதுகிறது, சில நாள் பாறையிலும் விழுகிறது. சுடுதளத்தில் மேசைமேல் துணி விரித்து வைக்கப்படும் துப்பாக்கிக்கும் இதற்கும் வாழ்க்கையே வேறு. இப்படி உழைக்கும் ரிவால்வரில் சைட்டை எளிதாகத் திருப்பி நகர்த்த முடிவது ஒரு சிறப்பாகவே விற்கப்படுகிறது. என் கருத்து நேர் எதிரானது. ஒரு தோட்டாவைத் தேர்ந்து, அதற்குக் குறியைச் சரிசெய்த பிறகு, அந்தக் குறி நகரவே முடியாமல் இருப்பதுதான் சிறப்பு.

1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வர் இந்தக் கொள்கையின் ஒரு எல்லை. அதில் பின் சைட்டு என்று தனி உறுப்பே கிடையாது. சிலிண்டருக்கு மேலே செல்லும் எஃகுப் பட்டையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். முன்னால் அரைவட்ட வடிவில் ஒரு மெல்லிய தகடு. உடைய எதுவும் இல்லை, கழன்று விழ எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளம் குறுகல், தகடோ மெலிசு. மங்கல் வெளிச்சத்தில் இரண்டையும் கண் பிரித்தறிய முடியாது. கண்ணுக்குத் தெரியாத குறி எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்? 1890-களில் பாட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் சதுர முனையுள்ள தடித்த தகட்டையும் அதற்கேற்ற சதுரக் காடியையும் கொண்டுவந்தார். தகட்டின் இருபுறமும் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். இடக்கீற்றும் வலக்கீற்றும் சமமாக இருக்கின்றனவா என்று கண் நொடியில் கண்டுகொள்ளும். இன்றும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அவர் வழியில்தான் போகின்றன. ஆக, சைட்டு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, பார்வைக்கும் துலக்கமாக இருக்க வேண்டும். ஆனால் துலக்கத்துக்கும் நகர்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அகலமான சதுரக் காடியை அசையாத எஃகிலேயே வெட்டிவிடலாம். பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் நகரும் சைட்டு ஏன் வந்தது? காரணம் உதைப்பு. மருந்து வெடித்து, குண்டு குழலைவிட்டு வெளியேற ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள்ளாகவே துப்பாக்கி கையில் பின்னுக்கு உதைத்து, முனை மேல்நோக்கி எழத் தொடங்கிவிடும். அதனால்தான் ரிவால்வரின் முன் சைட்டு பின் சைட்டைவிடக் குழலுக்கு மேல் உயரமாக நிற்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் குழல் பார்வைக் கோட்டுக்குக் கீழே சற்றுக் குனிந்தே இருப்பது தெரியும். வெடித்த கணத்தில் எழும்பப்போகும் முனைக்கு இது முன்கூட்டியே கொடுத்து வைத்த தள்ளுபடி. எடை கூடிய, மெதுவான குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் தங்கும், அதற்குள் முனை கூடுதலாக எழும், ஆகவே அது மேலே படும். எடை குறைந்த வேகமான குண்டு கீழே படும். அமெரிக்கக் காவல்துறையில் நெடுங்காலம் இருந்த .38 ஸ்பெஷல் ரிவால்வர்களின் அசையாத சைட்டுகள் 158 கிரெய்ன், அதாவது 10.2 கிராம் எடையுள்ள குண்டை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. அதே துப்பாக்கியில் 110 கிரெய்ன் குண்டைப் போட்டால் குறி கீழிறங்கிவிடும்.

இந்தத் தொல்லைக்கு மாற்றுத் தேடியவர்கள் சாமானியர்கள் அல்லர். கோல்ட் நிறுவனமே 1888-இல் மேற்பட்டையைத் தட்டையாக்கி, நகர்த்தும் சைட்டு வைத்த ரிவால்வரை விற்கத் தொடங்கியது. மலையிலும் காட்டிலும் வாழ்ந்து, ரிவால்வரைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதிய எல்மர் கீத் தமக்கென்று செய்வித்து 1929-இல் பத்திரிகையில் எழுதிய புகழ்பெற்ற ‘ஐந்தாம் எண்’ ரிவால்வரிலும் சைட்டு நகரக்கூடியதுதான். 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னம் ரிவால்வரையும், 1955-இல் ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வரையும் நகரும் சைட்டோடு வெளியிட்டன. வேறு வேறு தோட்டாக்களைச் சோதிப்பவருக்கு அது பெரிய வரம் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சைட்டைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சைட்டு மெல்லிய நீண்ட எஃகு நாக்கு. முன்பக்கம் ஒரே ஒரு திருகாணி அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கிறது. பின்பக்கம் ஒரு திருகாணியைத் திருப்பினால் நாக்கு ஏறி இறங்கும். காடி வெட்டிய தகடு தனித்துண்டு. குறுக்கே செல்லும் இன்னொரு மெல்லிய திருகாணி அதை இடம் வலமாக இழுக்கும். அந்தத் தகட்டின் மேல்விளிம்பைப் பிடித்திருப்பது நகக்கண் அளவுகூட இல்லாத உலோகம். ரிவால்வர் பின்புறமாகப் பாறையில் விழுந்தால் அந்தத் தகடும் குறுக்குத் திருகாணியும்தான் அடி வாங்கும். ரூகரில் சைட்டின் முன்பக்கத்தை ஒரு குறுக்கு ஊசி பிடித்திருக்கும், அடியில் சுருள்வில் இருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கும். முதலில் வந்த பிளாக்ஹாக்கின் மேற்பட்டை தட்டை, சைட்டு திறந்தே நின்றது. 1960-களின் தொடக்கத்தில் ரூகர் அந்தச் சட்டத்தை மாற்றி, சைட்டின் இருபுறமும் எஃகுக் காதுகள் எழும்பும்படி வார்த்தது. நகரும் சைட்டுக்கு வேலி தேவை என்பதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்ட இடம் அது. எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர்கள் இந்தச் சிக்கலைப் பல வழிகளில் அணுகியிருக்கிறார்கள். டென்னசி மாநிலத்தின் ஹாமில்டன் போவன், ரூகரின் பழைய சைட்டு அமர்ந்த அதே இடத்தில் பொருந்தும்படி, முழு எஃகில் தடிப்பாகக் கடைந்த பின் சைட்டு ஒன்றை உருவாக்கினார். இதற்கும் மேலே போக விரும்புவோருக்கு, நகரும் பாகமே இல்லாத எஃகுத் துண்டில் காடி வெட்டி, சட்டத்தில் இறுக்கிக் கொடுப்பார்கள். முன் சைட்டில்தான் இன்னும் கூடுதலான வேலை. ஒற்றைத் திருகாணியில் தொங்கும் தகடு தொடர்ந்த உதைப்பில் தளரும். ஆகவே குழலோடு வெள்ளிப் பற்று வைத்து ஒட்டிய மேடையில் தகட்டைச் செருகி, குறுக்கே ஊசி அறைந்து பூட்டுவார்கள். அல்லது அடி அகன்று வாய் குறுகிய பள்ளத்தில் பக்கவாட்டில் தட்டி ஏற்றுவார்கள். தகட்டின் பின்முகம் செங்குத்தாக இருந்தால் பார்வைக்கு நல்லது, ஆனால் உறையிலிருந்து உருவும்போது தோலைப் பிராண்டும். அதிகம் சரித்தால் வானத்து வெளிச்சம் அதில் பட்டுப் பளபளக்கும். நடுவில் ஒரு சாய்வைத் தேர்ந்து, பின்முகத்தில் நுண்ணிய குறுக்குக் கோடுகள் போட்டு வெளிச்சத்தை உடைப்பார்கள். இது அழகுக்காகச் செய்வதில்லை. சூரியன் இடப்புறம் இருந்து உருண்டையான, பளபளக்கும் முன் சைட்டில் பட்டால், மின்னும் இடப்பகுதியையே நடு என்று கண் நம்பிக் காடியில் நிறுத்தும். குண்டு வலப்புறம் போய்விடும். கறுத்த, தட்டையான, சதுர விளிம்புத் தகட்டில் இந்த ஏமாற்றுக்கு இடமில்லை.

தூரத்துக்குச் சுட நகரும் சைட்டு இன்றியமையாதது என்பார்கள். இதற்குப் பதில் எல்மர் கீத்தின் கையிலேயே இருக்கிறது. தூரம் கூடும்போது அவர் திருகாணியைத் தேடவில்லை. முன் சைட்டைக் காடிக்கு மேல் கூடுதலாகத் தூக்கிக் காட்டி, இலக்கைத் தகட்டின் உச்சியில் உட்கார வைத்துச் சுட்டார். எவ்வளவு தூக்க வேண்டும் என்று தெரிய, தகட்டின் முகத்தில் குறுக்கே தங்கக் கோடுகள் பதிக்கச் செய்தார். எவ்வளவு தூரத்துக்கு எந்தக் கோடு என்பது பழக்கத்தில் வரும். நகரும் சைட்டுக்காக வாதாடியவரே களத்தில் செய்தது, சைட்டை அசைக்காமல் வைத்துக்கொண்டு கண்ணை நகர்த்துவதுதான். இந்தியக் காவல்துறையிலும் பல காலம் புழங்கிய வெப்ளி ரிவால்வர்களில் 1915-இல் வந்த ஆறாம் மாதிரியின் முன் சைட்டைத் திருகாணி கழற்றி மாற்றலாம். ஆனால் அதன் பின் சைட்டு அசையாத காடிதான். தகடு சேதமானால் இன்னொன்றை மாட்டு, ஆனால் நாளுக்கு நாள் திருப்பிக்கொண்டிருக்காதே என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

வயதான கண்ணைப் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது, அதை நான் முழுமையாகவே ஏற்கிறேன். கையை நீட்டிப் பிடித்தால் முன் சைட்டு கண்ணிலிருந்து முக்கால் மீட்டர்போல இருக்கும். கண் ஒரே நேரத்தில் காடியையும் தகட்டையும் இலக்கையும் துலக்கமாகக் காட்டாது. தகட்டையே கூர்ந்து நோக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் ஆடி விறைத்து, அந்த நெருக்கத்தில் கூர்மை குறையத் தொடங்கும். காடியைச் சற்று அகலப்படுத்தி, இருபுற வெளிச்சத்தையும் கூட்டினால் பலருக்கு இன்னும் சில ஆண்டுகள் கிடைக்கும். அதற்கும் மேலே போனால், சிவப்புப் புள்ளி காட்டும் மின் சைட்டுதான் நேர்மையான தீர்வு. அதற்கு மின்கலம் வேண்டும், ஆடியில் மழைத்துளியும் பனியும் ஒட்டும், துப்பாக்கியும் பருமனாகும். அந்த விலையைக் கொடுத்துத்தான் பார்வையை வாங்க வேண்டியிருக்கிறது. கண் நன்றாக இருப்பவர் அந்த விலையைக் கொடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

தோட்டா மாறினால் என்ன செய்வது என்பது மிச்சமிருக்கும் கேள்வி. காட்டில் உழைக்கும் ரிவால்வருக்கு ஒரு தோட்டா போதும். அதைத் தேர்ந்தெடுக்கும் வரை நகரும் சைட்டு நல்ல வேலைக்காரன். பல வகைகளைச் சோதித்து, பிடித்ததில் நிலைத்த பிறகு, காடிக்கும் தகட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து, அந்த அளவுக்கு அசையாத சைட்டை வெட்டலாம். இடம் வலப் பிசகு இருந்தால் கம்மியர் குழலையே மரையில் சற்றுத் திருப்புவார். தகட்டின் உச்சி குழலின் மையத்திலிருந்து 18 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஒரு பாகை திருப்பினாலே 25 மீட்டரில் 5 சென்டிமீட்டர் நகரும்.

உயரத்துக்குத் தகட்டை வேண்டுமென்றே நெட்டையாக விட்டுவிடுவார்கள். அராவிக் குறைக்கலாம், வளர்க்க முடியாது. முதலில் குண்டுகள் கீழே விழும். மென்மையான அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு ஐந்து தோட்டா, மறுபடி இரண்டு இழுப்பு. குறிக்கு ஒரு விரல் கீழே வந்ததும் அரத்தை வைத்துவிட்டு, மறுநாள் கை களைப்பில்லாமல் சுட்டுப் பார்த்து, அதன் பிறகே கடைசி இழுப்பு. அப்போது தகட்டின் உச்சி வெள்ளி போல மின்னிக்கொண்டிருக்கும். ஒரு பஞ்சில் கறுப்பேற்றும் மருந்தைத் தொட்டு அந்த மின்னலை அணைத்து, எண்ணெய் தடவி உறையில் போட வேண்டும்.