மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது?

வண்டியூரில் வசிக்கும் ஒரு குடும்பம் மூன்று அரசுகளுக்கு வரி கட்டுகிறது. கடையில் துணி எடுத்தால் பில்லில் ஜிஎஸ்டி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதி மத்திய அரசுக்கு, மறு பாதி மாநில அரசுக்கு. வீட்டின் சொத்து வரி மதுரை மாநகராட்சிக்கு. வரியைச் சரியாகக் கட்டிவிடுகிற நாம், எந்த வேலையை எந்த அரசிடம் கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறோம். எல்லா மனுவையும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கே கொண்டு போவது நம் ஜமாஅத்துகளில் பழகிப்போன வழக்கம்.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை பொறுப்புகளை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவரும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியல் என்று பிரித்து வைத்திருக்கிறது. ஹஜ்ஜையே எடுத்துக்கொள்வோம். நாட்டுக்கு வெளியே செல்லும் புனிதப் பயணம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் ஹஜ் கமிட்டி 2002ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டப்படி இயங்குகிறது. மாநில ஹஜ் கமிட்டி ஹாஜிகளுக்கு உதவலாம். நாட்டுக்குக் கிடைக்கும் மொத்த இடங்களை அதனால் கூட்ட முடியாது.

மையவாடி அப்படியல்ல. அடக்கஸ்தலங்கள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. நகரங்களில் அவற்றைக் கவனிக்கும் வேலையை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கலாம் என்று பன்னிரண்டாவது அட்டவணை சொல்கிறது. ஆக, புதிய மையவாடிக்கு அனுமதி கேட்டால் மாநகராட்சிக்குப் போக வேண்டும். எல்லையில் தகராறு என்றால் நில அளவையும் பட்டாவும் மாநில வருவாய்த் துறையின் வேலை. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் என்று போக வேண்டும். அந்த நிலம் வக்ஃபு என்றால் மூன்றாவது வாசலும் திறக்கிறது. அறநிறுவனங்கள் பொதுப் பட்டியலில் இருப்பதால் 1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது, 2025இல் அதைப் பெரிதாகத் திருத்தியதும் அதுவே. ஆனால் வக்ஃபு வாரியத்தை அமைப்பது மாநில அரசு. ஒரே மையவாடிச் சுவருக்காக மூன்று அரசுகளின் சட்டத்தையும் புரட்ட வேண்டி வரலாம்.

பிள்ளைகளின் சான்றிதழில் இந்தக் குழப்பம் இன்னும் வலிக்கிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007இல் தமிழக அரசு கொண்டு வந்தது. மாநிலக் கல்லூரிகளிலும் மாநில அரசுப் பணிகளிலும் மட்டுமே அது செல்லும். ரயில்வே, வங்கி, யுபிஎஸ்சி, ஐஐடி, மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு மத்திய அரசின் ஓபிசி 27 சதவீதம்தான். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமிலேயரில் வரவில்லை என்ற சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். நம் சாதிப் பிரிவு மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். இரண்டையும் தருபவர் பெரும்பாலும் அதே தாசில்தார்தான் என்பதால் ஒன்று போதும் என்று நினைத்து, கலந்தாய்வு நேரத்தில் பெற்றோர் ஓடுகிறார்கள்.

இனி உள்ளூருக்கு வருவோம். முன்பு கிராம ஊராட்சியாக இருந்த வண்டியூர், மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்த 2011இல் மதுரையோடு சேர்ந்தது. சேர்ந்ததில் இழந்தது கிராம சபை. ஊராட்சியில் வாக்காளர் எவரும் அதில் எழுந்து கணக்குக் கேட்கலாம். நகரத்தில் அதற்கு ஈடாகப் பகுதி சபைகளுக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அது ஒருபுறம் இருக்க, 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தும் 2022 பிப்ரவரி வரை மாநகராட்சித் தேர்தல் நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நமக்குக் கவுன்சிலரே இல்லை. அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினார்கள். உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அதற்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது. டெல்லியிடம் உரிமை கேட்டு உரக்கப் பேசும் மாநிலங்கள், கீழே இருப்பவருக்கு உரிமை கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டுவதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மழைக்காலத்தில் தண்ணீர் தெருவில் நின்றால் என்ன செய்வது? வாறுகால் அடைப்பு என்றால் மாநகராட்சி வார்டு அலுவலகம், கவுன்சிலர். வண்டியூர் கண்மாய் நிரம்பி வருகிறது என்றால் மாநில நீர்வளத் துறை; கண்மாய் மதகைத் திறக்கக் கவுன்சிலருக்கு அதிகாரம் இல்லை. மாநில அரசுத் துறை எதுவானாலும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கலாம், 1100 என்ற எண்ணிலும் பதியலாம். பாஸ்போர்ட், ரயில்வே, வருங்கால வைப்பு நிதி போன்றவை மத்திய அரசுடையவை. அவற்றுக்கு மத்திய அரசின் இணையவழிக் குறைதீர் தளம் இருக்கிறது, எம்.பி.யும் இருக்கிறார்.

எந்த அலுவலகம் என்றே தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். அதன் 6(3) பிரிவின்படி, தனக்குச் சம்பந்தமில்லாத மனுவைப் பெற்ற அலுவலகம் அதை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும்.