கொம்பா, குழலா?

மகாராஷ்டிரத்தின் சதாரா தொகுதி. 2024 மக்களவைத் தேர்தலில் சரத் பவார் கட்சியின் வேட்பாளர் அங்கே 32,771 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். அதே தொகுதியில், அதிகம் அறியப்படாத ஒரு சுயேச்சை 37,062 வாக்குகளை அள்ளினார். அவருக்குக் கிடைத்திருந்த சின்னம் ட்ரம்பெட். பவார் கட்சியின் சின்னமோ, கொம்பு ஊதும் மனிதன். கட்சி உடைந்த பிறகு, அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தேர்தல் ஆணையம் இதை ஒதுக்கியது. வாக்காளர் கண்ணுக்குப் பழக மூன்று மாதம்கூட இல்லை.

சுயேச்சைக்கு விழுந்தவை எல்லாம் தடம் மாறிய ஓட்டுகள் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் குழப்பத்துக்குத் தாராளமாக இடம் இருந்தது. ஒரே சிறிய கட்டத்துக்குள் ஆளும் அடங்க வேண்டும், கொம்பும் அடங்க வேண்டும் என்றால் இரண்டுமே சிறுத்துப்போகும். ட்ரம்பெட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. போதாக்குறைக்கு, மராத்திப் பட்டியலில் ட்ரம்பெட்டின் பெயர் 'துதாரி'. பவார் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் மனதில் பதிய வைத்த சொல்லும் அதேதான். மொழிபெயர்த்தவர் இப்படியொரு விளைவை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வந்த ஏற்பாடு இது. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 18 சதவீதம்தான். வாக்காளர்களோ 17 கோடிக்கும் மேல். முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, பெட்டியில் சின்னத்தை ஒட்டினார்கள். காங்கிரசுக்கு இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள், ஜனசங்கத்துக்கு விளக்கு. (கை அப்போது ஃபார்வர்டு பிளாக்கின் ஒரு பிரிவிடம் இருந்தது!) பெட்டிகள் தனித்தனியாக இருந்ததால் படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை. பின்னர் எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் வரிசையாக இறங்கியபோதுதான் கோட்டின் தடிமனும் கவனிக்க வேண்டிய விஷயமானது.

இன்றும் புழங்கும் சுயேச்சைச் சின்னங்கள் பலவற்றை வரைந்தவர் ஆணையத்தின் வரைவாளர் எம்.எஸ். சேத்தி. 1992இல் ஓய்வு பெற்றார். அலமாரி, மேசை, பல் துலக்கும் பிரஷ் என்று வீட்டில் புழங்கும் பொருட்களைப் பென்சிலால் வரைந்தார். அந்தப் படங்களில் அலங்காரம் கிடையாது. வெளிக்கோட்டை வைத்தே பொருளைச் சொல்லிவிடலாம். மோசமான அச்சிலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு படம் தனியாகப் பார்க்கும்போது தெளிவாக இருப்பது போதாது. பக்கத்தில் எது வருகிறது என்பதும் முக்கியம். தெலங்கானாவில் கார் சின்னக் கட்சிக்கு ரோடு ரோலர் தீராத தலைவலி. கட்சியின் வேண்டுகோளின் பேரில் 2011இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ரோலர், பிறகு திரும்பி வந்தது. ரோலரோடு சப்பாத்திக் கட்டையையும் எதிர்த்து கட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 அக்டோபரில் மனு தள்ளுபடியானது. வாக்காளர்களுக்கு வித்தியாசம் தெரியும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. தெருவில் நிற்கும் காரையும் ரோலரையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை, உண்மைதான். ஆனால் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பாட்டிக்கு முன்னால் இருப்பது கட்டை விரல் அளவு கறுப்புக் கோடுகள்தானே.

மகாராஷ்டிரத்தில் 2024 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் பவார் கட்சி மீண்டும் ஆணையத்திடம் போனது. ட்ரம்பெட்டை முடக்க ஆணையம் மறுத்துவிட்டது. சின்னம் சிறிதாகத் தெரிகிறது என்ற புகாரை மட்டும் ஏற்று, புதிதாக மூன்று மாதிரிகள் வரைந்து தரச் சொன்னது. கட்சி கொடுத்தவற்றில் முதல் படம் தேர்வானது.