மூணு சீட்டு: கணக்கும் கையிருப்பும்



ஆண்டு மலரில் சீட்டாட்டமா என்று முகம் சுளிக்க வேண்டாம். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுப் பக்கம் மரத்தடியில், பொங்கல் லீவில், சாவு வீட்டு ராத்திரியில் நம்ம ஆளுங்க ஆடாத ஆட்டமா? ஆடுறவங்க நிறைய பேர். கணக்குத் தெரிஞ்சு ஆடுறவங்கதான் குறைவு.

உலகம் பூரா ஆடுகிற போக்கருக்கு நம்ம ஊர்ச் சொந்தக்காரன்தான் மூணு சீட்டு. வடக்கே இதைத் தீன் பத்தி என்கிறார்கள். திருவிழாவில் மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு "ராணி எங்கே?" என்று கேட்டு ஏமாற்றுகிறானே, அது வேறு. அது ஆட்டமே இல்லை, கைவரிசை.

ஆட்டம் இதுதான். எல்லோரும் ஒரே தொகையை நடுவில் போட வேண்டும். ஜோக்கர் நீக்கிய 52 சீட்டிலிருந்து ஆளுக்கு மூன்று கவிழ்த்துத் தருவார்கள். பார்க்காமலே காசு கட்டினால் பிளைண்ட். பார்த்துவிட்டால், பிளைண்ட் ஆடுகிறவன் கட்டுவதைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். தன் முறை வரும்போது யாரும் பந்தயத்தை இரண்டு மடங்கு வரை ஏற்றலாம். சரிப்படாது என்றால் பேக். இரண்டே பேர் மிஞ்சும்போது காசு கட்டி ஷோ கேட்கலாம். ஆனால் எங்கள் பக்கத்து விதிப்படி, சீட்டைப் பார்த்தவன் பிளைண்ட் ஆடுகிறவனிடம் ஷோ கேட்க முடியாது. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் ட்ரையோ, அதுதான் பெரிது. அடுத்தது ஒரே இனத்தில் (மூன்றும் ஆட்டின், மூன்றும் கிளாவர் என்பது போல) வரிசையாக வருவது. பிறகு இனம் கலந்த வரிசை, பிறகு வரிசையில்லாமல் ஒரே இனம், பிறகு ஜோடி. எதுவுமே இல்லையென்றால் கையிலுள்ள பெரிய சீட்டை வைத்துத் தீர்ப்பு.

இப்போது கணக்கு வகுப்பில் படித்த காம்பினேஷனை எடுங்கள். 52 சீட்டில் மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் ட்ரையோ 52, அதாவது 425 கைக்கு ஒன்று. ஒரே இன வரிசை 48. ஆமாம், ட்ரையோவைவிட இதுதான் அபூர்வம். ஆனாலும் ட்ரையோவுக்குத்தான் முதல் இடம் கொடுத்திருக்கிறார்கள். விதி போட்டவர் கணக்கில் கொஞ்சம் வீக் போலிருக்கு! கலப்பு வரிசை 720, ஒரே இனம் 1,096, ஜோடி 3,744. மீதி 16,440 கையும் வெறும் கை. நூற்றுக்கு 74.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. இருவர் மட்டும் ஆடினால் ராஜா தலைமையிலான வெறும் கைதான் நடுத்தரக் கை. அதற்கு மேலே இருந்தால் துணிந்து நிற்கலாம். ஆனால் ஐந்து பேர் ஆடினால், மற்ற நால்வரில் ஒருவரிடமாவது ஜோடியோ அதற்கு மேலோ இருக்க ஏறக்குறைய நூற்றுக்கு 69 வாய்ப்பு. "ஏஸ் இருக்குடா" என்று தொங்கிக்கொண்டிருப்பவன் பர்ஸ் காலியாவது இங்கேதான்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? தேர்வுக் கட்டணத்துக்கு அப்பா கொடுத்த 1000 ரூபாயோடு உட்கார்ந்தேன். ஐந்து பேர், ஆளுக்குப் பத்து ரூபாய். மூவர் உடனே பேக். எதிரே ஒரு சீனியர் அண்ணன், பிளைண்டில் பத்து கட்டினார். நான் பார்த்தேன். ராஜா ஜோடி! 22,100-ல் அதை வெல்லும் கை சுமார் 2,200 தான். பத்துக்கு ஒன்பது எனக்குச் சாதகம். இருபது கட்டினேன். அவர் பார்க்காமலே 20, நான் 40. அவர் 40, நான் 80. அவர் 80, நான் 160. அவர் 160, நான் 320. அவர் சிரித்துக்கொண்டே 320 வைத்தார். நான் 640 வைக்க வேண்டும். பையில் இருப்பதோ 370. ஷோவும் கேட்க முடியாது. "என்ன தம்பி, பேக்கா?" நடுவில் கிடந்த 1300 ரூபாயை வாரிக்கொண்டு, தன் சீட்டை அப்போதுதான் திருப்பிப் பார்த்தார். ஜாக்கி, எட்டு, அஞ்சு!

என் கணக்கு தப்பில்லை. கையிருப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். காசு அதிகம் உள்ளவன் சீட்டே பார்க்காமல் ஜெயிக்க இந்த விதி வழி விடுகிறது. போக்கரில் இப்படி விரட்ட முடியாது. கையில் இருப்பதை முழுக்க வைத்து 'ஆல் இன்' சொல்லிவிட்டால், நாம் ஈடு கட்டிய பங்குக்கு சீட்டைத் திறந்தே ஆக வேண்டும். தவிர, அவர்கள் அதிகம் ஆடும் டெக்ஸாஸ் ஹோல்டெம்மில் ஐந்து சீட்டு நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து கிடக்கும். எதிராளியைக் கணிக்க ஏதோ பிடி இருக்கும். நம்ம ஆட்டத்தில் எதிராளியின் முகம்தான். அவரே சீட்டைப் பார்க்கவில்லை என்றால் முகத்தில் என்ன தெரியும்?

சட்டமும் இந்த ஆட்டத்தை நம்பவில்லை. 1967-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஆந்திர வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்று பிரித்தது. முழுக்க அதிர்ஷ்டம் என்பதை நான் ஒப்பமாட்டேன், எப்போது பேக் போடுவது என்பதும் திறமைதானே. ஆனால் செல்போனில் காசு வைத்து ஆடுவதில் இந்தப் பிரிவினையும் போயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் போட்ட சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது.

இப்போது எங்கள் ஹாஸ்டல் அறையில் புளியங்கொட்டைதான் காசு. ஆளுக்கு ஐம்பது. பிளைண்ட் நாலு சுற்றுக்கு மேல் கிடையாது, கொட்டை தீர்ந்தவன் ஆல் இன். அந்த அண்ணனும் போன மாசம் வந்து ஆடினார். நாலாவது சுற்றில் சீட்டைப் பார்க்க வேண்டி வந்தது. பார்த்ததும் பேக் போட்டுவிட்டார்.

மேலே உள்ள கணக்கில் தப்பு இருந்தால் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், கடைசி பெஞ்சுக்கு வந்து சொல்லுங்கள். கொட்டையோடு வந்தால் இன்னும் நல்லது.