பூனைக்குப் பந்தி ஒத்துவருமா?

'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்பது பழமொழி. பாலையும் பூனையையும் சேர்த்தே பேசிப் பழகியவர்கள் நாம். ஒரு தட்டில் பாலையோ தயிர்ச்சோற்றையோ வைத்து, "பூஸ், பூஸ்" என்று அழைத்து, வீட்டுப் பூனைகளெல்லாம் சுற்றி நின்று உண்பதைக் கண்டு மகிழாதவர் யார்? பலரோடு பந்தியில் அமர்ந்து உண்பது நமக்கு இன்பம். அந்த இன்பம் பூனைக்கும் உண்டு என்று எண்ணிவிடுகிறோம். அது சரிதானா? ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் வளரும் வீடுகளில் இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம்.

ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் காட்டுப்பூனை இனமே நம் வீட்டுப்பூனையின் மூதாதை. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான்; எலி வந்தது; எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அத்தனை பழைய நட்பு இது! ஆயினும் உண்ணும் முறையில் பூனை இன்னும் மாறவில்லை. சிங்கங்கள் கூட்டமாக வேட்டையாடிப் பெரிய இரையைப் பகிர்ந்துண்ணும். காட்டுப்பூனையோ தனியே வேட்டையாடும். ஓர் எலி ஒரு பூனைக்குத்தான் காணும். ஆகவே சிறிது சிறிதாக, நாளில் பல தடவை, தனிமையில் உண்பதே அதன் இயல்பு.

இத்தகைய பிராணிகள் நான்கினை ஒரே தட்டின்முன் நிறுத்தினால் என்ன ஆகும்? வலியது முதலில் உண்ணும்; மேலும் கொழுக்கும். இன்னொன்று அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, சற்று நேரத்தில் வாந்தி எடுக்கும். அச்சமுள்ளது பின்வாங்கி, மிஞ்சியதைத் தின்னக் காத்திருக்கும். சண்டை இல்லையே என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் பூனையின் சண்டை எப்போதும் சீறிப் பாய்வதன்று. வாசற்படியில் அமர்ந்துகொண்டு உற்றுப் பார்ப்பதும் ஒரு மிரட்டல்தான். அந்தப் பார்வைக்கு அஞ்சியே பசியோடு திரும்பிச் செல்லும் பூனைகள் உண்டு.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. எத்தனை பூனைகளோ அத்தனை தட்டுகள் வேண்டும். ஒன்றையொன்று பார்க்க இயலாதபடி அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு பூனைகள். கருப்பனுக்கு அடுக்களை மூலை, மணிக்குக் கொல்லைப்புறம், சின்னிக்கு மாடிப்படியின் மேல்தட்டு. குட்டிக்கு அறைக்குள் கதவைச் சாத்தி வைக்கிறோம். வளரும் குட்டிக்கு நாளுக்கு மூன்று நான்கு தடவை உணவு தேவை; பெரியவற்றின் கண்ணில் அது படலாகாது. நாள்தோறும் அதே நேரம், அதே இடம். அரைமணி நேரம் கழித்துத் தட்டுகளை எடுத்துக் கழுவிவிட்டால் எறும்பும் வராது. ஒன்றின் பங்கை மற்றொன்று கவரவும் முடியாது. தண்ணீர்ப் பாத்திரங்களையும் உணவிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வைப்பது நல்லது. இடையில் காலைச் சுற்றிவந்து கத்தும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்பதையே அவை கற்றுக்கொள்ளும்!

இனி, தட்டில் வைக்க வேண்டியது யாது? பூனை ஊன் உண்ணும் பிராணி. 'டாரின்' என்னும் சத்து அதற்கு இன்றியமையாதது. இச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு, சோற்றில் இல்லை. இது குறைந்தால் பூனையின் இதயத் தசை நலிவுறும் என்பதை 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். கண்பார்வையும் கெடும். எனவே தயிர்ச்சோறு மட்டும் போதாது. மீனையோ கோழியையோ உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுக்கலாம். வேகும்போது டாரின் நீரில் கரைந்துவிடுமாதலால், வெந்த நீரையும் சேர்த்தே ஊற்ற வேண்டும். அன்றாடம் இதையே முழு உணவாகக் கொடுப்பவர்கள் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். பூனைக்கென்றே தயாரித்து விற்கப்படும் உணவில் டாரின் சேர்க்கப்பட்டிருக்கும். சிலவகைப் பச்சை மீன்கள் 'பி1' வைட்டமினை அழித்துவிடும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகையால் மீன்குழம்பில் கிடந்த துண்டு வேண்டாம். குழம்பு கூட்டுமுன்பே அவற்றின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குச் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். பழமொழியில் பாலும் பூனையும் சேர்ந்திருக்கட்டும், தட்டில் வேண்டாம்.

தனித்தட்டினால் விளையும் நன்மைகளுள் தலையாயது ஒன்றுண்டு. எந்தப் பூனை உண்ணவில்லை என்பதை அது உடனே காட்டிவிடும். பொதுத்தட்டு காலியானால் எல்லாம் உண்டன என்றே நினைப்போம். பூனை தன் நோயை வெளிக்காட்டாத பிராணி. அது இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு ஈரலில் சென்று படிந்து, ஈரல் செயலிழக்கக்கூடும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலையும் மாலையும் மாடிப்படித் தட்டு அப்படியே இருந்தது. சின்னி அருகில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையிலேயே அவளைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. பசி இருந்தும் மெல்ல முடியாமல் தவித்திருக்கிறாள்! பல்லை எடுத்து மருந்து கொடுத்தபின், நான்காம் நாள் தட்டை நக்கித் துடைத்துவிட்டாள். பொதுத்தட்டாக இருந்திருந்தால் அவள் பங்கைக் கருப்பன் தின்றிருப்பான், நமக்கும் தெரிந்திராது.

ஆகவே தோழியரே, உங்கள் வீட்டுப் பூனை ஒரு முழு நாள் உண்ணாவிட்டால், "நாளைக்குச் சாப்பிடும்" என்று காத்திராதீர்கள். குட்டியாயின் அதற்கும் முன்பே மருத்துவரை நாடுங்கள். பெற்றோரும் இதைச் சிறு செலவென்றே கருத வேண்டுகிறோம்.

எல்லாருக்கும் சேர்த்து ஒரே தட்டில் வைப்பது எளிது. ஒவ்வொன்றும் உண்டதா என்று பார்ப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். வாயில்லா ஜீவன்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது அந்தப் பொறுமையைத்தான். இன்று மாலை தட்டுகளைக் கழுவுமுன் ஒவ்வொன்றையும் ஒருமுறை உற்று நோக்குவோம். எது நிறைந்திருக்கிறதோ, அந்தப் பூனையைத் தேடிச் செல்வோம்.