கூடாரத்துக்கு முன்பணம் கட்டும் முன்

ராஜஸ்தானுக்கு ரயில் டிக்கெட் போட்டவர்கள் அடுத்துத் தேடுவது மணல்மேட்டில் ஒரு கூடாரம். கைப்பேசியைத் திறந்தால் வந்து கொட்டுகிறது. எல்லாப் படத்திலும் ஆளரவம் இல்லாத மணல், ஒற்றை வெள்ளைக் கூடாரம், பக்கத்தில் ஓர் ஒட்டகம். ‘பாலைவன தேசியப் பூங்காவுக்குள்ளேயே தங்கலாம்’ என்று பல விளம்பரங்கள் அடித்துச் சொல்கின்றன. அதை நம்பி முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டுக் குடும்பத்தோடு போய் இறங்கினால், சாலையோரம் வரிசையாக நிற்கும் ஐம்பது கூடாரங்களில் ஒன்றைக் காட்டி ‘இதுதான் உங்களுடையது’ என்பார்கள். அப்போது செய்வதற்குச் சட்டத்தில் நிறையவே வழி இருக்கிறது. ஆனால் அதில் பாதி, பணம் அனுப்புவதற்கு முன் நீங்கள் எழுத்தில் என்ன வாங்கி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது இந்தப் பூங்கா. 1980-ல் அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா என்று அழைக்கப்பட்டாலும் சட்டப்படி இது வனவிலங்குச் சரணாலயம். உள்ளே கிராமங்கள் உண்டு, மேய்ச்சல் உண்டு. பரப்பில் பெரும்பகுதி மணல்மேடே இல்லை. புல்வெளியும் பாறைத் தரையும் புதருமாக இருக்கும். சுற்றுலாக்காரர்கள் தேடும் மணல்மேடுகள் ஜெய்சால்மர் நகரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் தாண்டி சம் என்ற ஊரிலும், தென்மேற்கே கூரி என்ற ஊரிலும் இருக்கின்றன. கூடாரங்களின் பெருங்கூட்டம் சம் சாலையில். கூரி சற்று அமைதி. மண் வீடுகளில் குடும்பங்களே நடத்தும் விடுதிகள் அங்கே கிடைக்கும். பறவை பார்க்கப் போகிறவர்கள் நாட வேண்டியது சுதாசரி வேலியடைப்புப் பகுதியை. அதற்கு ஜெய்சால்மர் நகரில் இருக்கும் பூங்காவின் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். ‘நாங்களே உள்ளே கூட்டிப்போகிறோம், அனுமதியெல்லாம் தேவையில்லை’ என்று ஒரு விடுதிக்காரர் சொன்னால், அவரிடம் வேறு எதையும் நம்பிக் கேட்க வேண்டியதில்லை.

சரணாலயத்துக்குள் வணிக நோக்கில் விடுதி கட்ட தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 33-வது பிரிவு. எனவே ‘பூங்காவுக்குள்’ என்று விளம்பரம் செய்பவர் ஒன்று உண்மையில் வெளியே இருந்துகொண்டு பொய் சொல்கிறார், அல்லது உள்ளே இருந்துகொண்டு அந்த ஒப்புதலைக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறார். இரண்டில் எது என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அனுமதியில்லாத இடம் சீல் வைக்கப்பட்டால் உங்கள் முன்பணமும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் கானமயில். ஒரு காலத்தில் நம் கொங்குப் பக்கத்து வறண்ட மேய்ச்சல் நிலங்களிலும் நடமாடிய பறவை இது. காட்டில் இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 150 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஜெய்சால்மர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கூடு கட்டாது, வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். கூடார முகாம்கள் பின்பக்கம் கொட்டும் மிச்சச் சோறும் எலும்பும் நாய்களை வளர்க்கின்றன. அந்த நாய்கள் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. ஜீப்பை மணலிலும் புல்லிலும் கண்டபடி ஓட்டுவது அடுத்த கேடு. ஆகவே குப்பையை எங்கே கொண்டுபோகிறீர்கள், இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் பொதுத்தடை. தூக்கம் கெட்டால் 112-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டிசம்பர், ஜனவரியில் சில இரவுகளில் அங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும். கூடாரத்தில் இருப்பது கித்தான் துணியும் ஒரு ஜிப்பும்தான். குளிர் தாங்காமல் கேட்டால், ‘அங்கீட்டி’ என்னும் கரி அடுப்பைத் தணலோடு உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அன்பாகத்தான் வைப்பார்கள். ஜிப்பை இழுத்து மூடிப் படுத்தால், அந்தத் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் இல்லாமல் கூடாரத்தை நிறைத்துவிடும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. வட இந்தியாவில் குளிர்காலம் தோறும் இப்படிக் குடும்பத்தோடு இறந்துபோகிறார்கள். கனல் முழுக்க அணைந்ததுபோல் சாம்பல் மூடியிருந்தாலும் உள்ளே வைக்கவே கூடாது. கூடுதல் ரஜாய் (பஞ்சுப் போர்வை) கேளுங்கள், வெந்நீர்ப் பை கேளுங்கள். யாராவது மயங்கினால் உடனே திறந்தவெளிக்குத் தூக்கிவந்து 108-ஐ அழையுங்கள்.

தீயும் அதே அளவு பயம். ஒற்றை பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஹீட்டரும் கெட்டிலும் ஓடும். பத்தடியில் அடுத்த கூடாரம். அதன் பின்னால் சமையல் சிலிண்டர். கூடாரத்துக்குள் நுழைந்ததும் தீயணைப்பான் எங்கே என்று பாருங்கள், அதன் மேல் ஒட்டியிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். பின்பக்கமும் திறக்கும் கூடாரம் என்றால் நல்லது.

பாம்பு பற்றி விளம்பரம் எதுவும் பேசாது. தார் பாலைவனத்தில் சுருட்டை விரியனும் கட்டுவிரியன் இனமும் உண்டு. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரை வலி தெரியாமல் கடிக்கும். விடியும்போது மூச்சு திணறும். தூங்குகிறவரின் மூச்சை உறிஞ்சும் பாம்பு என்று தார் மக்களிடையே ஒரு நம்பிக்கையே உண்டு. நட்சத்திரம் பார்த்தபடி மணலில் மெத்தை போட்டுப் படுக்கும் ‘பேக்கேஜ்’ இன்று பிரபலம். ஆசைப்படுகிறவர்கள் கயிற்றுக் கட்டில் கேட்டு வாங்குங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கடிபட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் மந்திரிப்பதும் வேண்டாம். ஜெய்சால்மர் நகரின் ஜவாஹிர் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். சம்மிலிருந்து அது 40 கிலோமீட்டர். இரவில் முகாமில் ஓட்டுநரோடு ஒரு வண்டி நிற்குமா என்பது முன்பே கேட்க வேண்டிய கேள்வி.

சீசன் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஏப்ரல், மே, ஜூனில் பாதி விலைக்குக் கூடாரம் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பக்கத்து ஃபலோடியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் நகரில் கல் கட்டட விடுதியில் தங்கி, மாலையில் மணலுக்குப் போய்த் திரும்புவதே நல்லது என்பது என் எண்ணம்.

நகரிலும் ஒரு தேர்வு இருக்கிறது: கோட்டைக்குள்ளா, வெளியிலா? 1156-ல் கட்டப்பட்ட ஜெய்சால்மர் கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். 2013-ல் அது யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து புழங்கிய காலத்துக்குக் கட்டிய இடம் அது. விடுதிகள் வந்து அறைக்கு அறை குளியலறை வைத்தபின் கசியும் நீர் அடிமண்ணை இளக்க, கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. கோட்டையைப் பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு இரவில் வெளியே தங்குவதுதான் நியாயம். அங்கிருந்து கோட்டையின் முழு உருவமும் தெரியும்.

ஏமாற்று வகைகள் சில பழையவை. ஜெய்சால்மருக்கு முந்தைய நிலையங்களிலேயே ரயிலில் ஏறி ‘அந்த ஓட்டல் மூடிவிட்டது’ என்று சொல்லும் தரகர்களை அங்கே ‘லப்கா’ என்பார்கள். ராஜஸ்தான் சுற்றுலாத் தொழில் சட்டம் 2010, இப்படி நச்சரிப்பதையே குற்றமாக்குகிறது. 2021 திருத்தத்துக்குப் பின் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். இன்னொன்று, நம்ப முடியாத மலிவு விலைக்கு அறை கொடுத்துவிட்டு, தங்கள் ஒட்டகச் சவாரியை வாங்கவில்லை என்றால் அறையைக் காலி செய்யச் சொல்வது. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்துவது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடைக்கு உரிய வணிக நடைமுறை. ‘இன்னும் ஒரே ஒரு கூடாரம்தான்’ என்று திரையில் பொய்யாக மின்னும் எச்சரிக்கையும், கடைசிப் பக்கத்தில் திடீரென முளைக்கும் கூடுதல் கட்டணமும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் அடங்கும். சாப்பாட்டு பில்லில் தானாக ஏற்றப்படும் சேவைக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை; அதைத் தடுக்கும் 2022 ஜூலை வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

பணம் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: ‘நாங்கள் தங்கப்போகும் கூடாரத்தின் லொகேஷனை அனுப்புங்கள். அது சரணாலய எல்லைக்குள்ளா, வெளியிலா? தனிக் குளியலறை, வெந்நீர், ஒட்டகம், ஜீப், இரவு உணவு எல்லாம் இந்தத் தொகைக்குள் அடங்குமா? ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும்? நீங்களே ரத்து செய்தால்?’ அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது ஜெய்சால்மர் இருளில் மூழ்கியது, விமான நிலையம் மூடப்பட்டது. அப்படி ஒரு நாளுக்கான பதில் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள்; ஒரு தனிநபரின் க்யூஆர் குறியீட்டுக்கு முழுத்தொகையும் போக வேண்டாம். போலி இணையதளத்தில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். அந்த முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வங்கியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

ஜீப்பில் ஏறும்போது நம்பர் பலகையின் நிறத்தைப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு மஞ்சள் பலகை வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். ‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று கையெழுத்து வாங்குவார்கள். அலட்சியத்தால் விபத்து நடந்திருந்தால் அந்தத் தாள் மட்டும் அவர்களைக் காப்பாற்றிவிடாது. பெண்கள் உடை மாற்றும் இடத்தில் கேமரா கண்டால் எதையும் தொடாமல் படமெடுத்துவிட்டு 112-ஐ அழையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு அதற்குத்தான். ஊர் திரும்பியபின் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே ‘ஜீரோ எஃப்ஐஆர்’ பதியலாம்.

காட்டிய படம் ஒன்று, கொடுத்த கூடாரம் ஒன்று என்றால் வாக்குவாதத்தில் இரவைக் கழிக்காதீர்கள். உள்ளே நடந்தபடி ஒரே நீளமான காணொளி எடுத்து, அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, ‘இதை ஏற்கவில்லை, பணம் திருப்பித் தாருங்கள்’ என்று எழுதுங்கள். செயலி வழியாகப் பதிவு செய்திருந்தால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அங்கும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஜெய்சால்மருக்கு மறுபடி போக வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, காணொளி விசாரணை கேட்கலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். அதற்குள் கைப்பேசியை மாற்றுவதாக இருந்தால், அந்த உரையாடலையும் பணம் கட்டிய ரசீதையும் முதலில் வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள்.