கோழி இறைச்சியும் குடும்ப நலமும்

வீட்டிற்கு விருந்தினர் வந்தால், வளவில் மேய்ந்து திரிந்த கோழியைப் பிடித்து, அன்றே அறுத்து, அன்றே கறியாக்கி, அன்றே உண்டு முடித்தனர் நம் முன்னோர். பச்சை இறைச்சியை நாட்கணக்கில் வைத்துக் காக்கும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆகவே, அதற்கான முறையை அவர்கள் நமக்குச் சொல்லி வைக்கவும் இல்லை. இன்றோ கல்லைப்போல் உறைந்த கோழி, பொலித்தீன் உறையில் நம் இல்லம் வந்து சேருகின்றது. அதனை எவ்வாறு பேணுவது, எவ்வாறு இளக்குவது என்பதை நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவர்களாயிருக்கின்றோம்.

கண்ணுக்குத் தெரியாத பகைவர்

பச்சைக் கோழியிறைச்சியில் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் முதலிய பற்றீரியாக்கள் இருத்தல் கூடும். இவற்றைக் கண்ணாற் காணவோ மணத்தால் அறியவோ இயலாது. வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் ஆகியன இவற்றால் விளையும். திடகாத்திரமானவர்கள் பெரும்பாலும் சில நாட்களிற் குணமடைவர். ஆனால் குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நோயால் நலிந்தோர் ஆகியோருக்கு இது உயிராபத்தாகவும் முடியலாம்.

உறைகுளிர் இக்கிருமிகளை முற்றாக அழிப்பதில்லை. உறங்க வைக்கின்றது, அவ்வளவே. 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம் அவை பெருகுவதற்கு ஏற்றது. தக்க சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை அவை இரட்டிப்பாக வல்லன. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: ஒரு கிருமி 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும்!

இளக்கும் முறைகள்

காலையிற் கோழியை எடுத்து மேசைமீது வைத்துவிட்டு வேலைக்குச் செல்வது பல இல்லங்களின் வழக்கம். இது தவறு. உள்ளே பனிக்கட்டியாய் இருக்கும்போதே வெளிப்புறம் வெதுவெதுப்பாகிக் கிருமிகளுக்கு விளைநிலமாகின்றது. பச்சை இறைச்சி 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருத்தலாகாது; வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் 1 மணி நேரமே எல்லை. சுடுநீரில் இட்டு இளக்குவதும் ஆகாது.

சிறந்த வழி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில், நீர் வடியாதபடி ஆழமான பாத்திரத்தில் வைத்து இளக்குவதே. 2 கிலோ எடையுள்ள முழுக்கோழிக்கு ஏறத்தாழ ஒரு நாள் செல்லும். இளகியபின் மேலும் ஓரிரு நாட்கள் அங்கேயே வைத்திருக்கலாம்.

அவசரமெனில், நீர் புகாத உறையிலிட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒரு முறை நீரை மாற்றுக. அரைக்கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். மலைநாடு நீங்கலாக நம் நாட்டுக் குழாய்நீர் குளிர்ச்சியற்றதாதலால், ஐஸ்கட்டிகளைச் சேர்ப்பது நன்று. மூன்றாவது வழி நுண்ணலை அடுப்பு. இவ்விரு வழிகளில் இளக்கியதை உடனே சமைத்தல் வேண்டும். சமைக்காமல் மீண்டும் உறைய வைக்கலாகாது.

கழுவுதலும் காத்தலும்

மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் இட்டு இறைச்சியைக் கழுவுவது நமது பழக்கம். ஆயின், பாயும் குழாய்நீர் கிருமிகளை அயலிலுள்ள பாத்திரங்கள்மீதும் காய்கறிகள்மீதும் தெறிக்கச் செய்கின்றது. கழுவாது விடுதலே நலம். கிருமிகளைக் கொல்வது அடுப்பின் வெப்பமேயன்றி நீரன்று. பழக்கத்தை விடமுடியாதோர் பாத்திரத்து நீரில் மெல்ல அலசி, பின்னர் கையையும் தொட்டியையும் சவர்க்காரமிட்டுக் கழுவுவாராக. இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் சம்பலுக்கு வெங்காயம் அரிதல் கூடவே கூடாது.

வாங்கிய இறைச்சியை ஓரிரு நாட்களிற் சமைக்காவிடின், ஒருவேளைக் கறிக்குப் போதுமான பொதிகளாகப் பிரித்து, திகதி எழுதி, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் உறைய வைக்க வேண்டும். சிறு பொதிகள் விரைவில் இளகும், வீணாவதுமில்லை.

மின்சாரம் நின்றால்?

2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறந்திருக்க மாட்டோம். கதவு திறக்கப்படாத குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரமே குளிரைத் தாங்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். மின்சாரம் வந்தபின், இறைச்சியில் பனிக்கட்டி இன்னும் எஞ்சியிருப்பின் அச்சமில்லை. இளகி, வெப்பமேறிக் கிடந்ததாயின், விலையை எண்ணி இரங்காது எறிந்துவிடுக. மருந்துச் செலவு அதனினும் பெரிது!

இறுதியாக, கறி கொதிக்கின்றதென்று மட்டும் பார்த்து இறக்கலாகாது. இறைச்சியின் தடித்த பகுதியின் உள்வெப்பம் 74 பாகையை எட்டவேண்டும். வெப்பமானி இல்லாதோர் எலும்பருகே கீறிப் பார்த்து, செந்நிறம் நீங்கிச் சாறு தெளிவாக வரும்வரை வேக விடுக.

இவற்றுக்கெல்லாம் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நாளைய கறியை இன்றிரவே நினைத்துக் கோழியை அடித்தட்டுக்கு மாற்றிவைக்கும் முன்யோசனை ஒன்றே போதும்.